அடுத்தவர் விடுமுறையின் வள்ளல்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நல்ல காரியம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் இந்த இனத்தாரால் சும்மா இருக்க முடியாது. உடனே அதைச் செய்யச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கும் இவர்களைத் தெரியும். அலுவலகத்தில் ஒருவர், குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர், உறவில் ஒரு சித்தப்பா என்று மூன்று முகங்களாவது இந்நேரம் உங்கள் மனத்தில் வந்து நின்றிருக்கும். மூன்று போதும். நான்காவது ஆளைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

தானத்தைப் பற்றி யோசித்த அறிஞர்கள் பெரும்பாலும் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை: யாருடைய பொருள் கொடுக்கப்படுகிறதோ, அவர். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று சொன்ன ஆள் எந்தத் தத்துவமும் படித்திருக்க மாட்டார். ஆனால் விஷயம் தெரிந்தவர். கொடுப்பவரும் இழப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்போதுதான் கொடை இவ்வளவு இனிக்கிறது.

எங்கள் நிறுவனத்து வள்ளல் நெய்யைத் தொடுவதில்லை. பிறருடைய நாட்களை வழங்குவார். அதிலும் விடுமுறை நாட்களை.

எங்களுடையது சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம். சாலை போட வேண்டும், ஆலை கட்ட வேண்டும் என்று யாராவது வந்தால் அந்த இடத்தில் என்ன பறக்கிறது, என்ன நீந்துகிறது, எது எப்போது குட்டி போடுகிறது என்று எண்ணிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது தொழில். மூன்றாவது மாடி. பதினான்கு பேர். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே மழைநீர் தேங்குவதற்காக வெட்டிய ஒரு குளம், அதைச் சுற்றிச் சரளைக்கல் கொட்டிய கரை. நான் அந்த அறிக்கைகளில் பிழை திருத்துபவன். அதாவது, இங்கே எழுதப்படுவதை எல்லாம் கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஆள்.

நான் சொன்ன வள்ளல் விழிப்புணர்வுப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். தலைவர் என்றால் ஆட்கள் வேண்டாமா? அதனால் மீதிப் பதின்மூன்று பேரையும் அவர் தம் ஆட்களாகவே பாவித்துவந்தார். உண்மைப் பெயர் ஊழியர் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் வைத்த பெயர் 'சின்ன விஷயம்'.

ஏனென்றால் அவர் வருவதே அப்படித்தான். நீங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டி, கணினியை அணைத்து, நாற்காலியை உள்ளே தள்ளும் அந்த நொடியில் உங்கள் மேசைக்கு எதிரே தோன்றி, முதலில் உங்கள் குழந்தையின் சளியை விசாரித்து, போன மாதம் நீங்கள் எழுதிய அறிக்கையை (படிக்காமலே) பாராட்டி, "உங்களை விட்டா இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்று பெருமூச்சு விட்டு, பிறகு வலது கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முகத்துக்கு நேரே தூக்கி, நடுவே சிறிது இடைவெளி விட்டுக் காட்டுவார். "ஒரு சின்ன விஷயம்தான்."

அந்த இடைவெளியைப் படிக்கத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஓர் அங்குலம் என்றால் உங்கள் மத்தியானம் போயிற்று. அரை அங்குலம் என்றால் சனிக்கிழமை. விரல்கள் நெருங்க நெருங்க வேலை பெருகும். கடுகளவுக்கு வந்துவிட்டால் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுவது நல்லது.

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் மறுப்பது எவ்வளவு சுலபம்! குளம் காக்கப்பட வேண்டும் என்கிறார். தவளை வாழ வேண்டும் என்கிறார். பிள்ளைகள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். இதில் எதற்கு நீங்கள் 'இல்லை' என்பீர்கள்? 'சார், தவளை செத்தாலும் பரவாயில்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்' என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். அது மாதச் சம்பளக்காரர்களுக்கு வழங்கப்படுவதில்லை.

அவருடைய வழிமுறை ஒன்று உண்டு. முதலில் ஊருக்குச் சொல்லிவிடுவார். பிறகுதான் ஆளுக்குச் சொல்வார். அழைப்பு போய், பள்ளிகள் பெயர் கொடுத்து, பெற்றோர் நன்றி தெரிவித்து முடிந்த பிறகே நிகழ்ச்சியை நடத்தப்போகிறவருக்குத் தகவல் வரும். "பேர் குடுத்துட்டாங்களேம்மா" என்பார், ஏதோ அந்தப் பெயர்கள் தாமாகப் பொழிந்துவிட்ட மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் படிவங்கள் எல்லாவற்றிலும் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆண்டறிக்கையில் பொறுப்பாளரின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வரும். அந்தக் கட்டத்தில் அவர் வேறு யாரையும் கையெழுத்திட விட்டதில்லை. வேலைதான் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டியது. பொறுப்பு பாரம் அல்லவா, அதை அவரே சுமந்துகொள்வார்.

நீண்ட விடுமுறை வரும் காலம் அவருக்கு அறுவடைக் காலம். பள்ளிகள் மூடியிருக்கும், குடும்பங்கள் வீட்டில் இருக்கும், "மக்கள் ஃப்ரீயா இருக்குற நேரம் இதுதான்." ஊழியர்களும் மக்கள்தானே என்ற ஐயம் ஏனோ அவருக்கு எழுந்ததில்லை.

இந்த அறுவடையில் மூன்று ஆண்டுகளாக அரிவாளுக்கு அகப்பட்டவர் வௌவால் அக்கா. வௌவால்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் அழைப்பார்கள். முதல் ஆண்டு விடுமுறையில் வௌவால் கண்காட்சி. அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு தவளைக் குரல் நடை. 'சார், நான் தவளை படிக்கலையே' என்றபோது, 'ரெண்டும் ராத்திரி ஐட்டம்தானே' என்றார். மூன்றாம் ஆண்டு, குழந்தைகளை வரவேற்க நீர்நாய் வேடம் போடுவதற்கு ஏற்பாடு செய்திருந்த ஆள் வரவில்லை. ஆறு நாள் அக்கா அந்தப் பஞ்சு உடுப்புக்குள் நின்றார். 'துறை அறிவு இருக்குறவங்க உள்ள இருந்தா அது வேற லெவல்' என்று பார்வையாளர்களிடம் சின்ன விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

நான்காம் ஆண்டு அக்காவுக்கு வேறு கணக்கு இருந்தது. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பதினோரு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறார். அதுவும் ஐந்தே நாள், விடுமுறை வாரத்தின் முதல் ஐந்து நாள். ஆறு மாதத்துக்கு முன்பே அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆறு வயது மகள் வீட்டு நாட்காட்டியில் தினம் ஒரு கட்டம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கூட்டத்தில் சின்ன விஷயம் எழுந்தார். விரல்கள் எழுந்தன. கடுகைவிடச் சிறிய ஒன்றை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"குளக்கரைக் குடும்ப நாள். அஞ்சு நாள். முன்னூறு குடும்பம் பேர் குடுத்தாச்சு."

"யார் சார் நடத்துறாங்க?" என்று கேட்டார் அக்கா.

"நாமதான்."

"நாமன்னா?"

"நீங்க முன்னாடி நின்னு நடத்துங்க. நான் பின்னாடி இருக்கேன்."

"போன வருஷமும் பின்னாடிதான் இருந்தீங்க. போட்டோவுல எப்படி முன்னாடி வந்தீங்கன்னுதான் தெரியல."

யாரோ இருமினார்கள். அவர் சிரித்தார். இந்த இனத்தாருக்குக் கேலி உறைக்காது. அதையும் ஒருவகை ஒத்துழைப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

"அந்த அஞ்சு நாள் என் வீட்டுக்காரர் வர்றார் சார். லீவு சொல்லி ஆறு மாசம் ஆச்சு."

"தெரியும்மா. அவரையும் கூட்டிட்டு வாங்க. கப்பல்காரர்! கடல் மாசு பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசினார்னா பிரமாதமா இருக்கும். அவருக்கும் பொழுது போகும்."

அக்கா இயக்குநரைப் பார்த்தார். எங்கள் இயக்குநர் அம்மையார் நல்லவர். சங்கடமான நேரங்களில் ஜன்னல் வழியே குளத்தைப் பார்ப்பார். இப்போதும் பார்த்தார். "பேர் குடுத்துட்டாங்களாமே" என்றார் குளத்திடம்.

விடுமுறைக்கு முந்தைய நாள், பந்தல் எங்கே வரும் என்று அளந்துவர அக்கா கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. ஏதோ நிரம்பிய பாத்திரத்தை ஏந்தி வருகிறவர் மாதிரி வந்தார். போனை என் மேசையில் வைத்தார். படத்தில் சரளைக்கல்.

"நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்தேன். நான்கு கற்களில் புள்ளி இருந்தது. ஆள்காட்டியின் முட்டைகள். கூடென்று ஒன்றும் கட்டாமல் கல்லோடு கல்லாக இட்டுவிட்டு, யாராவது கிட்டே வந்தால் ஊரைக் கூட்டும் பறவை அது. பந்தலின் நடுக்கால் வரவேண்டிய இடத்தில் இட்டிருந்தது.

எங்கள் விதி தெளிவு. அடைகாக்கும் பறவையைச் சுற்றி ஐம்பது மீட்டர் தள்ளி நாடா கட்ட வேண்டும். குஞ்சு வெளியேறும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது. நாடாவைக் கட்டி முடித்தபோது குடும்ப நாளுக்கான இடம் முழுவதும் வட்டத்துக்குள் போய்விட்டது. அக்காதான் கோழி முட்டைக்குப் புள்ளி வைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார் என்று அலுவலகத்தில் பேசிச் சிரித்தார்கள். அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போன் செய்து "அம்மா வந்துடுவேன்" என்று சொல்வதைக் கேட்டேன்.

சின்ன விஷயம் கலங்கவில்லை. நெகிழ்ந்தார். முட்டைகளைத் தூரத்திலிருந்து படமெடுத்தார். நாடா வட்டத்துக்கான விலக்கெல்லைப் படிவத்தைக் கேட்டு வாங்கி, பொறுப்பாளர் கட்டத்தில் கையெழுத்தை வழக்கம்போல் வால் நீட்டிப் போட்டார். முன்னூறு குடும்பங்களுக்கும் 'இயற்கை நமக்கு முந்திக்கொண்டது' என்று செய்தி அனுப்பினார். பிறகு அக்காவின் மேசைக்கு வந்தார். அக்கா பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? முன்னூறு பேர்ல பத்துப் பேராவது செய்தியைப் பார்க்காம வந்து நிப்பாங்க. நாய் வரும். கூட்டைப் பார்த்துக்க ஒருத்தர் வேணுமே."

விரல்கள் எழுந்தன. இம்முறை நடுவே வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"சும்மா உட்கார்ந்திருக்குறதுதான்மா. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

பார்த்தீர்களா? காப்பாற்ற வந்த பறவையே கயிறாகிவிட்டது. இதற்கு ஒரு மேதைமை வேண்டும். நான் எளிதில் யாரையும் பாராட்டுபவன் அல்ல.

அக்கா பையைக் கீழே வைத்தார். வாதாடவில்லை. அந்தப் படிவத்தை எடுத்து, திருப்பி, பின்பக்கத்தை மேலே வைத்து அவர் பக்கமாக நகர்த்தினார்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எட்டு வருடமாக அதில் பிழை திருத்தியிருக்கிறேன். 'பொறுப்பாளர் முதல் ஐந்து நாட்களும் விடியலிலிருந்து அந்தி வரை நேரில் இருக்க வேண்டும். இயலாதபோது வேறொருவரை நியமிக்கலாம். பொறுப்பாளர் மொத்த நேரத்தைத் தம் கையால் குறிக்க, நியமிக்கப்படுபவர் சம்மதக் கையெழுத்திட வேண்டும்.' இந்த விதியைச் சேர்க்கச் சொன்னவரும் அவரேதான். பொறுப்பாளர் என்ற சொல்லுக்கு ஒரு கனம் வேண்டும் என்று அன்று கேட்டார். தம் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் படிக்கும் வழக்கத்தால், அந்தக் கனம் எந்தப் பக்கத்தில் இறங்கியது என்று அவர் பிறகு பார்க்கவே இல்லை.

"முதல்ல நேரத்தை எழுதுங்க சார்," என்றார் அக்கா. "அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் கையெழுத்து வாங்கலாம்."

அவர் பேனாவை எடுத்தார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஐந்து நாள். உதடு அசைந்தது. 'அறுபது' என்று எழுதினார். எழுதிவிட்டு அதைப் பார்த்தார். தம் கடுகின் எடையை அவர் நிறுத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் இந்த இனம் நம்பிக்கை இழக்காது. படிவத்தோடு கிளம்பினார். முதலில் வரைபடம் போடுபவரிடம்.

"போட்டுடலாம் சார். ஆனா எனக்குப் பறவைன்னாலே அலர்ஜி."

"ஏழு வருஷமாப் பறவை மேப்தானே போடுறீங்க?"

"மேப்புல இறகு இருக்காதே சார்."

அடுத்தது தண்ணீர் சோதிக்கும் அம்மா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"அறுபது மணி நேரமா? சின்ன விஷயம்னீங்க?"

"சும்மா உட்கார்றதுதாம்மா. ஓய்வு மாதிரி."

"அப்ப நீங்களே உட்காருங்க சார். பாவம், வருஷம் பூரா ஓடுறீங்க."

என்னிடம் வந்தார். என்னிடம் சிவப்புப் பேனா மட்டும்தான் இருக்கிறது என்றேன். அது உண்மை. இயக்குநர் அம்மையாரிடம் போனார். அவர் ஜன்னலை நோக்கித் திரும்பி, அங்கே குளத்தைச் சுற்றி நாடா ஆடுவதைக் கண்டு, வேறு வழியில்லாமல் மனிதர் பக்கம் திரும்பினார். "விதி தெளிவா இருக்கே" என்றார்.

கடைசியில் அவர் மீண்டும் அக்காவிடம் வந்து நின்றார். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் தட்டச்சு செய்யவில்லை. அக்கா மூன்று வருடமும் கடைசியில் 'சரி சார்' என்று சொன்னவர். இப்போதும் பேனாவைக் கையில் வாங்கினார்.

"சார், அந்தக் கூட்டுல ஆணும் பெண்ணும் மாத்தி மாத்தி உட்காருது. வெயில் மழை எதுக்கும் மூணாவதா ஒரு பறவையைக் கூப்பிட்டு, ஒரு சின்ன விஷயம்னு சொல்றதில்ல."

அவர் படிவத்தை அக்கா பக்கமாக இன்னும் சிறிது நகர்த்தினார்.

"என் பொண்ணு நேத்துக் கேட்டா. அப்பா வர்றப்ப நீ நீர்நாயா இருப்பியாம்மான்னு."

பேனாவுக்கு மூடியைப் போட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டேன்னு சொல்லிட்டேன்."

குளத்துக்கு என் வீடு பக்கம்தான். விடுமுறையின் இரண்டாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். நாடாவுக்கு வெளியே, கேன்டீன் பிளாஸ்டிக் நாற்காலியில், சின்ன விஷயம் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது குடும்பத்தோடு வருவது தெரிந்தால் வழக்கப்படி எழுந்து, விரலைத் தூக்கிக்கொண்டு ஓரடி வைப்பார். அவ்வளவுதான். ஆள்காட்டிக்கு உயர்த்திய கை ஆகாது. கத்திக்கொண்டு வந்து தொப்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பாயும். முதல் நாளிலேயே நான்கு தடவை பாய்ந்ததாம். அதற்குப் பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கை மடியில் இருக்கும்போது அவரால் ஒருவரிடமும் ஒன்றும் கேட்க முடியவில்லை என்பதை நான் கவனித்தேன். அது நாக்கில் இல்லை போலும், விரலில்தான் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் மனைவி பிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷத்துல இவர் ஒரே இடத்துல உட்கார்ந்து இப்பதான் பார்க்குறேன்," என்றார் என்னிடம். "வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டுக்கு நான் என்னென்ன செஞ்சு தரப்போறேன்னு சொல்லிட்டு வந்திருப்பார். அந்த லிஸ்டைப் படிச்சுட்டு மறுபடி போயிடுவார்."

"உஷ்," என்றார் அவர். "ஆள் மாறுது பாரு."

ஒரு பறவை எழுந்து நடந்தது. இன்னொன்று வந்து, காலால் ஒரு கல்லைத் தள்ளி, உட்கார்ந்தது. கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளும் அவர் அந்தி வரை இருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அக்காவிடமிருந்து அந்த ஐந்து நாளும் ஒரு படமோ ஒரு செய்தியோ வரவில்லை. நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டோம்.

விடுமுறை முடிந்து முதல் கூட்டம். சின்ன விஷயம் எழுந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.

"சும்மா உட்கார்ந்து பார்க்குறதுல ஒரு நிறைவு இருக்கு. அது எனக்கு மட்டும் கிடைச்சாப் போதுமா? குஞ்சு வெளிய வர இன்னும் மூணு வாரம் இருக்கு." பதினான்கு படிவங்களை மேசையில் பரப்பினார்.

திருந்திவிட்டார் என்று எதிர்பார்த்தீர்களா? உயிரினங்கள் இவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அதற்கு லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று எங்கள் அறிக்கைகளே சொல்கின்றன. ஆனால் முதல் படிவத்தில் அவர் பெயர் இருந்தது. எல்லாப் படிவத்திலும் நேரம் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தது: ஆளுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் அலுவலக வேளையில். அக்கா படித்துப் பார்த்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். என் சிவப்புப் பேனாவும் அன்று எழுதியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலை எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தச் சம்பவத்தை யாராவது எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பயனுள்ள விஷயம். நாலு பேர் படித்தால் நாலு பேருடைய விடுமுறை பிழைக்கும். வௌவால் அக்காவுக்கு நல்ல நடை; வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடுவார். எழுந்து அவர் மேசைக்குப் போனேன். பையை மாட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குச் சளி விட்டுவிட்டதா என்று விசாரித்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

அதனால்தான் இதை நானே எழுத வேண்டியதாயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

இனி உங்கள் முறை. இதைப் படித்து முடிக்கும் இந்த நொடியில், 'நம்ம ஆபீஸ் கூட்டத்துல இதை யாராவது எடுத்து வாசிச்சா நல்லா இருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றட்டும், நல்ல எண்ணம்தான். அந்த யாராவதின் முகம்கூட இந்நேரம் தெரிந்திருக்கும். எழுந்து அவரிடம் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை உங்கள் விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.